கடைக் கடன் கணக்கை முடக்கிவிட்டார்களா? காரணம் எங்கே இருக்கும், யாரிடம் போவது

மொத்த வியாபாரக் கடைக்கு வழக்கம்போல ஆர்டர் அனுப்புகிறீர்கள். "அக்கவுண்ட் ஹோல்டுல இருக்கு அண்ணே, இந்தத் தடவை கேஷ் கட்டிட்டுச் சரக்கு எடுங்க" என்று பதில் வருகிறது. ஏன் என்று கேட்டால், "கிரெடிட் செக் பண்ணினோம், ஏதோ வந்திருக்கு" என்பதற்கு மேல் கவுண்டரில் இருக்கும் தம்பிக்கும் தெரியாது. ஒரு சென் பாக்கி வைக்காமல் வருஷக்கணக்காகக் கட்டி வந்தவருக்கு இது பெரிய அவமானமாகத்தான் படும்.

பினாங்கில் சின்ன வியாபாரிகளுக்குக் கணக்கு எழுதும் வேலை பார்ப்பதால் இந்தப் புலம்பல் எனக்கு அடிக்கடி வந்து சேர்கிறது. புலம்புகிறவர்களில் பலர் தப்பான கதவைத் தட்டிக்கொண்டிருப்பார்கள். ஒருவர் கடையோடு சண்டை போடுவார். இன்னொருவர் கடன் அறிக்கை தரும் தனியார் நிறுவனமான சிடோஸுக்கு ஃபோன் போட்டு, 'என் பேரைக் கெடுத்துவிட்டீர்கள்' என்று கத்துவார். இந்த விஷயத்தில் மூன்று தரப்பு உண்டு. உங்களைப் பற்றிய தகவலைக் கொடுத்தவர் ஒருவர், அதைச் சேர்த்து அறிக்கையாகத் தருபவர் ஒருவர், அந்த அறிக்கையைப் பார்த்து முடிவெடுத்தவர் ஒருவர். கணக்கை முடக்கியது கடை. கடைக்குக் காரணத்தைக் காட்டியது அறிக்கை. காரணம் பிறந்த இடம் பெரும்பாலும் இந்த இரண்டுமே இல்லை. அதைக் கண்டுபிடித்துவிட்டால் பிறகு கொஞ்சம் அலைச்சல்தான், குழப்பம் இருக்காது.

கடைக் கடன் என்றால் எது?

உள்ளங்கையில் அடங்கும் 555 நோட்டைப் பார்க்காத மலேசியத் தமிழர்கள் குறைவு. தோட்டத்துக் கடையில் அரிசி, சீனி, மிளகாய்த்தூள் என்று அதில் எழுதி வைப்பார்கள். சம்பளம் போட்டதும் கட்டினால் குறுக்கே ஒரு கோடு. இன்றைய மொத்தக் கடைகள் தரும் கடன் கணக்கும் அந்த நோட்டுதான். இன்வாய்ஸ், டிஓ என்னும் சரக்கு ஒப்படைப்புச் சீட்டு, மாத ஸ்டேட்மெண்ட் என்று காகிதம் கூடியிருக்கிறது, அவ்வளவே.

பட்டர்வொர்த்தில் சமையல் ஆர்டர் எடுக்கும் செல்வம் என்று ஒருவரை வைத்துக்கொள்வோம். அவருக்கு ஜார்ஜ்டவுன் மொத்தக் கடை ஒன்றில் 8,000 வெள்ளி வரை கடன், 30 நாள் டெர்ம். தைப்பூசத்துக்கு இரண்டு தண்ணீர்ப் பந்தலுக்குச் சாப்பாடு ஒப்புக்கொண்டிருக்கிறார். அரிசி, பருப்பு, எண்ணெய் எல்லாம் முன்கூட்டியே எடுத்துக்கொண்டு, பந்தல்காரர்கள் காசு கொடுத்ததும் கடைக்குக் கட்டுவார். வட்டி கிடையாது. ஆனால் இதுவும் கடன்தான். அந்த 30 நாளும் கடைக்காரரின் பணம் செல்வத்தின் சட்டியில் வெந்துகொண்டிருக்கிறது. கடைக்காரரும் தன் பங்குக்கு இறக்குமதிக்காரரிடம் கடனில் எடுத்தவர். செல்வம் கட்டவில்லை என்றால் அவர் கைக்காசைப் போட வேண்டும். சரக்கைத் திரும்ப எடுக்கலாம் என்றால் அது ஏற்கெனவே சாம்பாராகியிருக்கும்.

இன்னொரு வகையும் உண்டு: ஃப்ரிட்ஜ், வாஷிங் மெஷின், சோபா போன்றவற்றைத் தவணையில் எடுப்பது. பலகையில் கடையின் பெயர் இருந்தாலும் பல இடங்களில் பின்னால் இருந்து பணம் போடுவது தனிக் கடன் நிறுவனம். கடை உங்களிடம் சிரித்துப் பேசும், முடிவு வேறெங்கோ எடுக்கப்படும். இதில் சில ஒப்பந்தங்கள் 1967ஆம் ஆண்டின் வாடகைக் கொள்முதல் சட்டத்தின் கீழ் வரும். அப்படியென்றால் கடைசித் தவணை கட்டும்வரை பொருள் சட்டப்படி உங்களுடையது ஆகாது. உங்கள் கையில் இருக்கும் ஒப்பந்தம் எந்த வகை, மறுபக்கத்தில் கையெழுத்திட்டிருப்பது யார் என்பதை ஒருமுறை எடுத்துப் பாருங்கள். பின்னால் உதவும்.

யார் யாரை விசாரிக்கிறார்கள்

கடன் கொடுக்குமுன் ஆளை விசாரிப்பது கம்ப்யூட்டர் வந்தபிறகு தொடங்கிய பழக்கமில்லை. லெபோ பினாங்கில் செட்டியார்கள் கிட்டங்கி வைத்து வட்டித்தொழில் நடத்திய காலத்தில் ஆள் யார், என்ன தொழில், வேறு யாரிடம் வாங்கியிருக்கிறான் என்பதெல்லாம் விசாரித்துத்தான் பெட்டியைத் திறந்தார்கள். இன்றைக்கு அந்த விசாரணையைக் காகிதம் செய்கிறது. மலேசியாவில் அந்தக் காகிதம் இரண்டு வகை. இரண்டையும் ஒன்றாகப் போட்டுக் குழப்பிக்கொள்வதால்தான் பாதி வம்பு.

முதலாவது சிசிரிஸ். நாட்டின் மத்திய வங்கியான பேங்க் நெகாராவின் கடன் தகவல் பிரிவு நடத்துகிறது, 2001இல் தொடங்கியது. வங்கிகளும் அதில் சேர்ந்துள்ள மற்றக் கடன் நிறுவனங்களும் தங்களிடம் யார் எவ்வளவு கடன் வைத்திருக்கிறார்கள், எப்படிக் கட்டுகிறார்கள் என்று மாதாமாதம் இதற்கு அனுப்புகின்றன. வீட்டுக் கடன், கார் கடன், கிரெடிட் கார்டு, பிடிபிடிஎன் உயர்கல்விக் கடன் எல்லாம் வரும். கடைசி 12 மாதம் கட்டிய வரலாறு ஒரு வரிசை எண்ணாக நிற்கும். செல்வத்தின் வேன் கடனை எடுத்தால் இப்படி இருக்கலாம்:

0 0 0 0 1 2 2 1 0 0 0 0

0 என்றால் பாக்கி இல்லை. 1 என்றால் ஒரு மாதத் தவணை பாக்கி, 2 என்றால் இரண்டு மாதம். இந்த வரிசையைப் பார்த்தே கதை சொல்லிவிடலாம். இடையில் எங்கோ தொழில் படுத்திருக்கிறது, இரண்டு மாதம் தள்ளிப்போயிருக்கிறது, பிறகு மனிதர் எப்படியோ சமாளித்துக் கட்டிவிட்டார். ஆனால் சிசிரிஸ் கதை சொல்லாது. நல்லவர், கெட்டவர் என்று முத்திரை குத்தாது. இவருக்குக் கடன் கொடுக்காதே என்றும் சொல்லாது. 'பிளாக்லிஸ்ட்' என்று ஊரில் பேசுகிறார்களே, அப்படி ஒரு பட்டியல் அங்கே இல்லை என்று பேங்க் நெகாராவே பலமுறை சொல்லியிருக்கிறது. எண்ணைப் பார்த்துப் பயப்படுவதா வேண்டாமா என்பது பார்ப்பவரின் முடிவு. ஒரு வங்கி அந்த 2ஐப் பார்த்து உதறிவிடும், இன்னொன்று கடைசி நான்கு 0வைப் பார்த்துக் கொடுத்துவிடும்.

இரண்டாவது, தனியார் கடன் தகவல் நிறுவனங்கள். நம் ஆட்கள் வாயில் எல்லாமே 'சிடோஸ்'தான். 1990இல் தொடங்கிய அந்த நிறுவனத்தோடு எக்ஸ்பீரியன், கிரெடிட் பியூரோ மலேசியா போன்றவையும் இருக்கின்றன. இவை 2010ஆம் ஆண்டின் கடன் அறிக்கை நிறுவனங்கள் சட்டத்தின் கீழ்ப் பதிந்து நடப்பவை. நீதிமன்ற வழக்குகள், திவால் பதிவுகள், நிறுவனப் பதிவு ஆணையமான எஸ்எஸ்எம்மில் நீங்கள் எந்தெந்தக் கம்பெனியில் டைரக்டர் என்ற விவரம், இவற்றோடு 'இவர் எங்களுக்கு இவ்வளவு பாக்கி' என்று வியாபாரிகளும் சேவை நிறுவனங்களும் பதிந்தவை என எல்லாம் இங்கே சேரும். மேலே ஒரு மதிப்பெண்ணும் போட்டுத் தருவார்கள்.

ஒரு வித்தியாசத்தைக் கவனியுங்கள். மொத்த மளிகைக் கடை நேரே சிசிரிஸைத் திறந்து பார்க்க முடியாது. அது வாங்குவது தனியார் நிறுவனத்தின் அறிக்கையைத்தான். ஆகவே கடையில் முடக்கினார்கள் என்றதும் வங்கிக்கு ஓடி 'என் சிசிரிஸ் சுத்தம்' என்று நிரூபிப்பதில் பயன் இல்லாமல் போகலாம். அதுவே தவணைக்குப் பணம் போடும் கடன் நிறுவனம் சிசிரிஸில் சேர்ந்திருந்தால், அது உங்கள் ஒப்புதலோடு இரண்டையும் பார்க்கும். செல்வத்தின் மொத்தக் கடைக் கணக்கு முடங்கியது என்று வைத்துக்கொள்வோம். அதே வாரத்தில் அவர் ஃப்ரீசர் ஒன்றுக்குத் தவணை கேட்டுப் போனால், அங்கே இடறப்போவது வேன் கடனின் அந்த 1 2 2 1. மொத்தக் கடையில் இடறியது அதுவல்ல, வேறொன்று; அதைப் பிறகு சொல்கிறேன். ஒரே ஆள், இரண்டு இடம், இரண்டு வேறு காரணம்.

"என்னைக் கேட்காமல் எப்படிப் பார்த்தார்கள்?" என்பது அடுத்த கேள்வி. கேட்டிருக்கிறார்கள். கணக்கு திறக்கும்போது நான்கு பக்கப் பாரத்தில், எழுத்து எறும்பு அளவில் இருக்கும் கடைசிப் பக்கத்தில், அறிக்கை எடுக்க ஒப்புக்கொண்டு கையெழுத்திட்டிருப்பீர்கள். பல பாரங்களில் அந்த ஒப்புதல் கணக்கு இருக்கும்வரை அவ்வப்போது மறுபடி பார்ப்பதற்கும் சேர்த்துத்தான் எழுதப்பட்டிருக்கும். அப்படி எதிலும் கையெழுத்திட்டதில்லை என்று உறுதியாகத் தெரிந்தால், அது தனிப் புகாருக்கு உரிய விஷயம்.

ஒழுங்காகக் கட்டுகிறவருக்கு ஏன்?

இதுதான் ஜீரணிக்கக் கஷ்டமான பகுதி. கடைக்கு நீங்கள் ஒழுங்காகக் கட்டுவது கடையின் லெட்ஜரில் இருக்கிறது. அதில் குறை இல்லை. வருஷத்துக்கு ஒருமுறை, அல்லது லிமிட்டைக் கூட்டச் சொல்லிக் கேட்கும்போது, கடை வெளியே எட்டிப் பார்க்கிறது. அப்போது கண்ணில் படுவது லெட்ஜரில் இல்லாதது.

செல்வத்தின் விஷயத்தில் அது என்ன? பல வருஷத்துக்கு முன் மச்சானோடு சேர்ந்து ஒரு செண்டிரியான் பெர்ஹாட், அதாவது தனியார் கம்பெனி, தொடங்கினார். ஆறு மாதத்தில் மனக்கசப்பு, விலகிவிட்டார். விலகினார் என்றால், கடைக்குப் போவதை நிறுத்தினார். எஸ்எஸ்எம்மில் டைரக்டர் பெயரை எடுக்கவில்லை. பிறகு அந்தக் கம்பெனி மீது பொட்டலப் பெட்டி சப்ளை செய்தவர் 14,000 வெள்ளிக்கு வழக்குப் போட்டார். அறிக்கையில் செல்வத்தின் அடையாள அட்டை எண்ணைத் தட்டினால் அந்தக் கம்பெனி வரும், கம்பெனியைத் தொட்டால் வழக்கு வரும். சட்டப்படி செண்டிரியான் பெர்ஹாட் தனி ஆள். அதன் கடன் தானாகவே டைரக்டரின் கடன் ஆகிவிடாது. ஆனால் சப்ளையர் நீட்டிய காகிதத்தில் டைரக்டர் என்ற முறையில் ஜாமீன் கையெழுத்தும் போட்டிருந்தால் கதை வேறு. அப்போது அது அவர் சொந்தக் கடனாகவே அவரைத் துரத்தும்.

இதற்கு நேர்மாறானது 'எண்டர்பிரைஸ்' என்று பதிந்த தனியுரிமைத் தொழில். அங்கே தொழிலும் முதலாளியும் சட்டத்தின் கண்ணில் ஒரே ஆள். சொந்தக் காருக்கு விட்ட தவணையும் தொழிலைத் தொடும், தொழிலில் வைத்த பாக்கியும் வீட்டுக் கடனைத் தொடும். நம் சின்ன வியாபாரிகள் பலர் எண்டர்பிரைஸ்தான். தொழில் கணக்கு வேறு, வீட்டுக் கணக்கு வேறு என்று அவர்கள் மனசில் கோடு போட்டிருப்பார்கள். அந்தக் கோடு வேறெங்கும் இல்லை.

எண்டர்பிரைஸிலிருந்து செண்டிரியான் பெர்ஹாடுக்கு மாறியவர்களுக்கு வேறு மாதிரி அடி விழும். புதுக் கம்பெனிக்கு வரலாறே கிடையாது. பழைய பெயரில் பத்து வருஷம் கட்டிய நல்ல பெயர் தானாக வந்து ஒட்டிக்கொள்ளாது. கடை பழைய கணக்கை நிறுத்தி, புதுப் பாரம் கேட்கும். இதை முடக்கம் என்று நினைத்து மனசு உடைய வேண்டியதில்லை.

மற்றவற்றையும் சொல்லிவிடுகிறேன். குறுகிய காலத்தில் நாலைந்து இடத்தில் கடனுக்கு மனு போட்டிருந்தால் பணமுடை என்று தோன்றும். இரண்டு பேர் சேர்ந்து எடுத்த கடனை மற்றவர் கட்டாவிட்டாலும் உங்கள் பக்கமும் பாக்கி தெரியும். காசோலை திரும்பியிருந்தால் அது தனிப் பதிவு. 12 மாதத்துக்குள் 3 காசோலை பணமில்லாமல் திரும்பினால் வங்கி நடப்புக் கணக்கையே மூடிவிடும். முடிந்துபோன வழக்கு ஒன்று முடிந்ததாகக் குறிக்கப்படாமல் கிடக்கலாம். ஆள் மாறாட்டமும் உண்டு: சுப்பிரமணியம் மகன் முருகன் இந்த நாட்டில் எத்தனை பேர்! அடையாள அட்டை எண் இல்லாமல் பெயரை மட்டும் வைத்துப் பார்த்தால் எந்த முருகனின் வழக்கு எந்த முருகன் தலையில் விழும் என்று சொல்ல முடியாது. கடைசியாக, உங்களிடம் ஒன்றுமே இல்லாமலும் இருக்கலாம். கடைக்கே கையில் பணம் இறுகி, எல்லா வாடிக்கையாளருக்கும் கடனைக் குறைத்திருப்பார்கள். இதை வெளியே சொல்லக் கடைக்காரருக்குக் கௌரவக் குறைச்சல். 'கிரெடிட் செக்' என்பது சொல்ல வசதியான காரணம்.

முடக்கினால் என்ன ஆகும், என்ன ஆகாது

முடக்கம் என்பது மூடுவது அல்ல. புதிதாகக் கடனில் சரக்கு கிடைக்காது. காசு கொடுத்து வாங்கத் தடை இல்லை. ஏற்கெனவே எடுத்த சரக்கின் பாக்கி பழைய தேதிப்படியே கட்ட வேண்டும். முடக்கியதால் பாக்கி முழுவதையும் இன்றே வை என்று கடை கேட்க முடியுமா என்றால், ஒப்பந்தத்தில் அப்படி ஒரு வரி இருந்தால் முடியும். வணிகக் கணக்குப் பாரங்களில் அந்த வரி இருப்பது சகஜம்தான். அதனால்தான் முதலில் பாரத்தின் நகலைத் தேடி எடுக்கச் சொல்கிறேன். இல்லையென்றால் கடையிடமே ஒரு பிரதி கேளுங்கள்.

கோபத்தில் பாக்கியை நிறுத்திவைப்பதுதான் இந்த நேரத்தில் செய்யக்கூடிய மோசமான காரியம். 'கணக்கைத் திற, அப்புறம் கட்டுகிறேன்' என்று மல்லுக்கு நிற்பவர்களுக்கு என்ன நடக்கிறது? அதுவரை வெளியே இருந்த பிரச்சினை இப்போது கடையின் சொந்த லெட்ஜருக்குள் வந்துவிடுகிறது. கடை அந்தப் பாக்கியைத் தனியார் நிறுவனத்தில் பதிந்தால், அடுத்த சப்ளையரும் அதைப் பார்ப்பார். உங்களுக்கு ஆதரவாக இருந்த ஒரே சாட்சி கடையின் லெட்ஜர். அதையும் கெடுத்துக்கொள்ளாதீர்கள்.

கடன் தந்தே ஆக வேண்டும் என்று எந்தக் கடையையும் கட்டாயப்படுத்த முடியாது என்பதையும் சேர்த்துச் சொல்ல வேண்டும். தகவல் தப்பு என்றால் திருத்தச் சொல்லும் உரிமை உங்களுக்கு உண்டு. திருத்திய பிறகும் கடை தயங்கினால், அது அவர்கள் பணம்.

எங்கே தொடங்குவது

கடையில்தான். ஆனால் கவுண்டரில் இல்லை. கணக்குப் பிரிவிலோ முதலாளியிடமோ நேரில் போய், தணிவாக, எந்த நிறுவனத்தின் அறிக்கை, எந்தத் தேதியில் எடுத்தது, அதில் எந்தப் பதிவு அவர்களுக்குச் சங்கடம் என்று கேளுங்கள். அறிக்கையையே காட்ட மாட்டார்கள், காட்டாமல் இருக்க அவர்களுக்குக் காரணம் உண்டு. நிறுவனத்தின் பெயரையும் பதிவின் வகையையும் சொன்னாலே போதும். 'ஒரு வழக்கு காட்டுகிறது' என்று ஒரு வாக்கியம் கிடைத்தால் பாதி வேலை முடிந்தது. பேசியதை அன்றைக்கே ஒரு மின்னஞ்சலாகவோ வாட்சாப்பாகவோ அனுப்பி வைத்துவிடுங்கள்.

அப்புறம் உங்கள் அறிக்கைகளை நீங்களே எடுங்கள். சிசிரிஸ் அறிக்கை தனிமனிதருக்கு இலவசம். இசிசிரிஸ் இணையத்தளத்தில் பதிந்து எடுக்கலாம். தனியார் அறிக்கையை அந்தந்த நிறுவனத்திடம் கேட்க வேண்டும். மதிப்பெண்ணோடு வரும் முழு அறிக்கைக்குக் காசு வாங்குவார்கள். கடை சொன்ன நிறுவனத்தின் அறிக்கையையே எடுங்கள், வேறொன்றில் அந்தப் பதிவு இல்லாமலேயே போகலாம்.

அறிக்கை கையில் வந்ததும் எல்லோர் கண்ணும் மேலே இருக்கும் மதிப்பெண்ணுக்குத்தான் போகும். அதை விட்டுவிடுங்கள். அடையாள அட்டை எண் சரியா, பெயர் சரியா என்று பாருங்கள். பிறகு வரி வரியாக இறங்குங்கள். உங்களுடையது இல்லாத ஒன்று இருக்கிறதா? உங்களுடையதுதான், ஆனால் கட்டி முடித்தது இருக்கிறதா? உங்களுடையது, இன்னும் கட்டாதது இருக்கிறதா? இந்த மூன்றில் எது என்பதைப் பொறுத்துப் போகும் இடம் மாறும்.

உங்களுடையது இல்லை என்றால் அறிக்கை தந்த நிறுவனத்திடம் எழுத்துப்பூர்வமாகத் திருத்தம் கேளுங்கள், மைகாட் என்னும் அடையாள அட்டையின் நகலோடு. கட்டி முடித்தது என்றால், பணம் வாங்கியவரிடம் போக வேண்டும். வங்கிக் கடன் என்றால் வங்கிதான் சிசிரிஸுக்கு அனுப்பிய விவரத்தைத் திருத்த வேண்டும். பேங்க் நெகாரா தானாக மாற்றிவிடாது. வழக்கு என்றால் வழக்குப் போட்டவரிடமோ அவருடைய வக்கீலிடமோ கடன் தீர்ந்தது என்று கடிதம் வாங்கி, அதைத் தனியார் நிறுவனத்துக்கு அனுப்ப வேண்டும். நம் செல்வம் பெட்டி சப்ளையரைத் தேடிப் போனால், 'அது உங்கள் மச்சான் அப்போதே கட்டிவிட்டாரே' என்று பதில் வரக்கூடும். அப்படியென்றால் வேண்டியது ஒரு பக்கக் கடிதம்தான். அதை வாங்கிக்கொண்டு, கையோடு எஸ்எஸ்எம்மில் டைரக்டர் பெயரை நீக்கும் வேலையையும் முடித்துவிட வேண்டும். இல்லாவிட்டால் அந்தக் கம்பெனியின் அடுத்த வழக்கும் அவர் பெயரைத் தேடி வரும்.

உண்மையாகவே கட்டாத கடன் என்றால் திருத்த ஒன்றுமில்லை, கட்டத்தான் வேண்டும். மொத்தமாக முடியாது என்றால் கொடுத்தவரோடு பேசித் தவணை போடுங்கள். வங்கிக் கடன்கள் பல சேர்ந்து கழுத்தை நெரித்தால் ஏகேபிகே இருக்கிறது. 2006இல் பேங்க் நெகாரா ஏற்படுத்திய கடன் ஆலோசனை நிறுவனம், பினாங்கிலும் கிளை உண்டு, ஆலோசனைக்குக் காசு இல்லை. வங்கிகளோடு பேசி மாதத் தொகையை நீங்கள் தாங்குகிற அளவுக்குக் கொண்டுவந்து தருவார்கள். அந்தத் திட்டத்தில் சேர்ந்தால் அதுவும் சிசிரிஸில் தெரியும், புதுக் கடன் எடுப்பது அப்போதைக்குக் கஷ்டம். நீதிமன்றம்வரை போகவிடுவதைவிட இது எவ்வளவோ மேல்; பாக்கி 100,000 வெள்ளியைத் தொட்டால் திவால் மனு போடவே சட்டத்தில் வழி இருக்கிறது.

தெருவிளக்குக் கம்பத்தில் ஒட்டியிருப்பவை

'சிசிரிஸ், சிடோஸ் பெயர் நீக்கித் தரப்படும், 3 நாளில்' என்று கம்பத்திலும் ஃபேஸ்புக்கிலும் ஃபோன் நம்பரோடு விளம்பரம் இருக்கும். காசு கொடுத்து அழிக்கக்கூடிய பதிவு எதுவும் அங்கே இல்லை. உண்மையான பதிவை யாராலும் அழிக்க முடியாது, தப்பான பதிவை நீங்களே இலவசமாகத் திருத்திக்கொள்ளலாம். நடுவில் அந்த ஆளுக்கு என்ன வேலை? மைகாட் நகலையும் இசிசிரிஸ் கடவுச்சொல்லையும் வாங்கிக்கொண்டு உங்கள் பெயரில் வேறு கடன் எடுக்கும் வேலைதான்.

பக்கத்திலேயே ஒட்டியிருக்கும் இன்னொரு காகிதம் உரிமமில்லாமல் வட்டிக்கு விடும் ஆலோங்குடையது. தைப்பூசம் நெருங்குகிறது, கடை கடன் தரவில்லை, கையில் முன்பணம் இல்லை என்ற நிலையில் அந்த நம்பர் கண்ணில் படும். உரிமம் பெற்ற வட்டிக்கடைக்காரர் 1951ஆம் ஆண்டுச் சட்டப்படி, அடமானம் இல்லாத கடனுக்கு வருஷத்துக்கு 18 விழுக்காட்டுக்கு மேல் வட்டி வாங்கக் கூடாது. ஆலோங் அதை ஒரு மாதத்திலேயே தாண்டிவிடுவான்.

அந்த இடைக்காலத்துக்குக் கடையோடேயே பேசிப் பாருங்கள். முழுக் கடன் வேண்டாம், பாதி ரொக்கம், பாதி 14 நாள் டெர்ம் என்று கேட்கலாம். ஆர்டர் கொடுத்தவர்களிடம் முன்பணத்தைக் கூட்டிக் கேட்கலாம். நம் சமையல்காரர்கள் முன்பணம் கேட்கக் கூச்சப்படுவது எனக்குப் புரிந்ததே இல்லை. கல்யாண மண்டபம் கேட்கிறது, கேமராக்காரர் கேட்கிறார், சோறு போடுகிறவர் மட்டும் ஏன் கேட்கக் கூடாது?

புகார் செய்ய வேண்டும் என்றால்

தவணையில் ஃப்ரிட்ஜ் வாங்கிய வீட்டுக்காரர் சட்டப்படி பயனீட்டாளர். அவர் பொருள் சம்பந்தமான தகராறுக்குப் பயனீட்டாளர் தீர்ப்பாயத்துக்குப் போகலாம், 50,000 வெள்ளிவரை. தொழிலுக்காக மொத்தக் கடையில் அரிசி எடுத்த செல்வம் அங்கே போக முடியாது, அது வியாபாரிகளுக்குள் நடப்பது. தனியார் நிறுவனம் தப்பான தகவலைத் திருத்த மறுத்தால், நிதியமைச்சின் கீழ் உள்ள கடன் அறிக்கை நிறுவனப் பதிவாளர் அலுவலகத்தில் புகார் செய்யலாம். எங்கே தொடங்குவது என்றே தெரியாதவர்களுக்கு ஜார்ஜ்டவுனில் பினாங்கு பயனீட்டாளர் சங்கம் இருக்கிறது; தமிழிலேயே பேசலாம், கடிதம் எழுதவும் வழி சொல்வார்கள். 2025இல் பயனீட்டாளர் கடன் சட்டமும் நாடாளுமன்றத்தில் நிறைவேறியிருக்கிறது. 'இப்போது வாங்கு, பிறகு கட்டு' வகைக் கடன்களையும் கடன் வசூலிப்பவர்களையும் ஒரு ஆணையத்தின் கீழ்க் கொண்டுவரும் சட்டம் அது. கைப்பேசியில் மூன்று தவணையாகப் பிரித்துக் கட்டுகிறவர்கள், அதையெல்லாம் கடன் என்றே எண்ணிப் பழகாதவர்கள், இதைக் கவனித்துக்கொள்வது நல்லது.

திருத்தம் கேட்டு அனுப்பிய மறுநாளே கடைக்குப் போய் நிற்காதீர்கள். சிசிரிஸ் விவரம் மாதம் ஒருமுறைதான் புதுப்பிக்கப்படுகிறது, இந்த மாதம் கட்டியது அடுத்த மாதம்தான் தெரியும். தனியார் நிறுவனமும் தகவல் கொடுத்தவரிடம் கேட்டு உறுதி செய்த பிறகே மாற்றும். புது அறிக்கை கையில் வந்ததும் அதோடு கடன் தீர்ந்த கடிதத்தையும், கடைக்கு நீங்கள் கட்டிய கடைசி ஆறு மாத ஸ்டேட்மெண்டையும் சேர்த்துக் கொடுத்து, மறுபரிசீலனை செய்யச் சொல்லி எழுதுங்கள். திறக்கும்போது பெரும்பாலும் பழைய லிமிட் வராது. 8,000 இருந்த இடத்தில் 3,000 தருவார்கள். வாங்கிக்கொண்டு, எத்தனை மாதம் ஒழுங்காகக் கட்டினால் மறுபடி கூட்டுவீர்கள் என்று கேட்டு, பதிலை எழுத்தில் வாங்கி வைத்துக்கொள்ளுங்கள்.